மாணவியர் உடல்நலம் பேணிய மருத்துவ மாமணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

ஒரு பள்ளியின் பெருமையை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? நூறு பேர் தேர்வு எழுதினால் எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் முதல் வகுப்பில் வந்தனர் என்று பார்க்கிறோம். ஆண்டு விழாவில் அந்த எண்ணிக்கையை மேடையில் படிக்கிறோம், பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் அதே நூறு பேரில் எத்தனை பேர் காலையில் உண்டு வந்தனர்? எத்தனை பேருக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறது? எத்தனை பேர் இரத்தசோகையால் பிற்பகலில் தலை கவிழ்ந்து அமர்கின்றனர்? இந்தக் கணக்கைக் கேட்பவர் மிகச் சிலரே.

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை முறையாக ஆராய்ந்து அறிய வேண்டும், அறிந்தபின் ஆவன செய்ய வேண்டும் என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் வலியுறுத்திய ஒரு பெண்மணி நம் பக்கத்து ஊர்க்காரர். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தமிழக அரசு 1987-இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்தால் அவர் பெயரைப் பலரும் அறிவர். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டவர் என்பதையும் அறிவர். பள்ளி மாணவியர்க்காக அவர் பாடுபட்ட கதையை அறிந்தவர் குறைவு. அதை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள், கோயில் பணிக்கென்று பெண்களை நேர்ந்துவிடும் வழக்கம் இருந்த குலத்தில் வந்தவர். அக்குலத்துப் பெண்களைச் சமூகம் மதித்த முறையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழிசொல்லின் சுமை சிறுமி முத்துலட்சுமியின் மீதும் விழுந்தது.

பெண் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலத்தில் தந்தை அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால் பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளி நின்றது. இன்று இவ்விதழைப் படிக்கும் ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவியரின் வயதுதான் அப்போது அவருக்கு. அதோடு புத்தகத்தை மூடி வைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிராது. வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

மேற்படிப்புக்குப் புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண், அதிலும் இன்ன குலத்துப் பெண், அங்கே சேரக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். வகுப்பு முழுவதும் ஆண்கள் இருக்க, ஒரே மாணவியாக முத்துலட்சுமி படித்தார்.

மருத்துவரானார்

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பொதுப்பணிக்குத் தடை நேரக் கூடாது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மணத்துக்கு இசைந்தார். கணவரும் அவ்வாறே இறுதிவரை துணை நின்றார்.

மருத்துவத் தொழிலில் நாள்தோறும் அவர் கண்டது என்ன? இளம் வயதிலே மணமாகி, உடல் முதிரும் முன்னே தாயாகி, இரத்தம் வற்றி வரும் பெண்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோய் முற்றிய பிறகே மருத்துவமனை வாயிலை மிதிப்பவர்கள்.

அம்மையாரின் இல்லத்திலேயே ஒரு துயரம் நேர்ந்தது. அவருடைய அன்புத் தங்கை நோயுற்றார். முதலில் அது சீதபேதி என்று கருதப்பட்டு அதற்கே மருந்து கொடுக்கப்பட்டது. உண்மையில் அது புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவராகிய தமக்கை அருகிலிருந்தும் தங்கை பிழைக்கவில்லை. நோயைத் தாமதமாகக் கண்டறிவதால் வரும் இழப்பு எத்தகையது என்பதை அம்மையார் தம் வீட்டிலேயே கற்றார். பிற்காலத்தில் அவர் செய்த பணிகள் பலவற்றுக்கும் இத்துயரமே வேர் எனலாம். 1925-இல் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிச் சிறப்பாகப் பயின்று திரும்பினார்.

பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை பிறந்த கதை

இங்கே சற்று நின்று, பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று அறிவது நல்லது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, இங்கிலாந்தின் ஏழை இளைஞர்களில் மிகப் பலர் உடல்தகுதி இல்லாதவர் என்று தள்ளப்பட்டனர். நாடு திடுக்கிட்டது. 1904-இல் ஒரு குழு இதை ஆராய்ந்தது. நலிவு இளைஞர்களான பிறகு வந்ததன்று, பள்ளிப் பருவத்திலேயே வேர்விட்டது என்று தெரிந்தது. 1906-இல் பள்ளிகளில் உணவளிக்கவும், 1907-இல் மாணவர்களை மருத்துவர் பரிசோதிக்கவும் அங்கே சட்டங்கள் வந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணிப் பார்த்த பிறகே சோறும் மருத்துவமும் பள்ளிக்குள் வந்தன. நம் நாட்டில் முதன்முதலாகப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது 1909-இல், பரோடா நகரத்தில்.

சட்டமன்றத்தில்

1926-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அம்மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் நாடறிந்தது. சிறுமியர் மணத்தைத் தடுக்கத் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் வாதாடினார். அவற்றோடு சேர்ந்து அவர் இடைவிடாமல் கேட்டவை இரண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்பது ஒன்று. நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவற்றில் படிப்போரை முறையாக மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கோரிக்கையை ஏற்று அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவைத் திறந்தது. சட்டமன்ற நாட்களின் அனுபவங்களை அவர் 1930-இல் நூலாகவும் வெளியிட்டார்.

இரண்டாம் கோரிக்கை ஏன் அத்தனை முக்கியமானது? வகுப்பில் ஒரு சிறுமி கணக்குத் தவறாக எழுதினால் ஆசிரியை அவளை மந்தம் என்கிறார். வீட்டில் சொல்லியதைச் செய்ய மறந்தால் தாய் சோம்பேறி என்கிறாள். பார்வை அட்டையை இருபது அடி தூரத்தில் மாட்டி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தால், கண் கீழிமையை இழுத்து உள்ளே சிவப்பு இருக்கிறதா வெளுப்பு இருக்கிறதா என்று நோக்கினால், எடையையும் உயரத்தையும் அளந்து எழுதினால், பல நேரங்களில் கதை வேறாகிவிடும். மந்தம் என்ற பெயர் மாறி, கண்ணாடி வேண்டும் என்று ஆகும். சோம்பல் என்ற பெயர் மாறி, குடற்புழுவுக்கு மருந்து வேண்டும் என்று ஆகும். பிள்ளை திருத்தப்பட வேண்டியவள் அல்லள், கவனிக்கப்பட வேண்டியவள் என்று தெரிய வரும்.

இத்தகைய ஆய்வு நூறு பிள்ளைகளுக்கு நடந்தால் இன்னும் ஒரு நன்மை உண்டு. ஒரு சிறுமிக்கு இரத்தசோகை என்றால் அது அவள் வீட்டுக் கவலை. நூறு பேரில் நாற்பது பேருக்கு என்றால் அது பள்ளியின் கவலை, ஊரின் கவலை, அரசின் கவலை. கணக்கு இல்லாத இடத்தில் துன்பம் தனித்தனியே ஒளிந்துகொள்ளும். கணக்கு வந்தால் அதை யாரும் மறைக்க முடியாது.

நூற்றில் பதினெட்டு

1928-இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் இடம்பெற்ற ஒரே பெண் முத்துலட்சுமி அம்மையார். 1929-இல் வந்த அக்குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 1922-23-இல் முதல் வகுப்பில் நூறு பிள்ளைகள் இருந்தால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் பதினெட்டுப் பேரே. எஞ்சிய எண்பத்திரண்டு பேரில் சிலர் அதே வகுப்பில் தேங்கினர். மிகப் பலர் பள்ளியை விட்டே போயினர்.

அவர்கள் எங்கே போனார்கள்? வறுமை சிலரை வயலுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இழுத்தது. சிறுவயது மணம் சிறுமியர் பலரை அடுப்படிக்கு அனுப்பியது. காய்ச்சலும் பசியும் சிலரைப் படுக்கையில் கிடத்தின. வகுப்பறையை மட்டும் சீர்படுத்திக் கல்வியைச் சீர்படுத்த முடியாது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டியது. கிராமத்துப் பள்ளி மருத்துவ உதவிக்கும் சுகாதார அறிவுக்கும் நிலையமாக விளங்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.

அவ்வை இல்லம்

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. கோயில் வழக்கத்திலிருந்து தப்பி வந்த இளம்பெண்களுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. குலத்தைச் சொல்லிக் கதவை அடைத்தனர். அம்மையார் அவர்களைத் தம் வீட்டில் ஏற்றார். இவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். ஆதரவற்ற சிறுமியர்க்கு உணவு, உறைவிடம், கல்வி, மருத்துவம் நான்கும் ஒரே கூரையின் கீழ் அங்கே கிடைத்தன. சட்டமன்றத்தில் அவர் பேச்சாகச் சொன்னது இங்கே செயலாக நின்றது.

தங்கையின் மரணத்தை அவர் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் விடாது முயன்று 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் பணி ஏற்றார். 1956-இல் அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், 82 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

விதை முளைத்த விதம்

அம்மையார் கேட்டது உடனே கிடைத்துவிடவில்லை. 1946-இல் போர் குழு இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்தபோது, பள்ளி மருத்துவப் பணி நாட்டில் அநேகமாக இல்லை என்றும், இருக்கும் இடங்களிலும் வளர்ச்சியற்றே இருக்கிறது என்றும் எழுதியது. 1960-இல் ரேணுகா ராய் அம்மையார் தலைமையில் பள்ளி நலக் குழு அமைந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது.

தமிழகத்தில் பசிக்கு முதல் மருந்து விரைவில் வந்தது. விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரித்தார். 1999-இல் வந்த வாழ்வொளித் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் வியாழக்கிழமைகளில் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைப் பார்த்தனர். மேல் சிகிச்சை வேண்டியவர்க்குச் சனிக்கிழமை ஒதுக்கப்பட்டது. கண்டறிவதற்கு ஒரு நாள், குணப்படுத்துவதற்கு ஒரு நாள் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் உண்மை உண்டு. குறையை அட்டையில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, மறு ஆண்டும் அதே குறையை அதே அட்டையில் எழுதினால் யாருக்கு என்ன பயன்? 2009-இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டத்தில் பார்வைக் குறையுள்ள மாணவர்க்கு இலவசமாக மூக்குக் கண்ணாடி கொடுத்ததும் இவ்வழியே.

நம் மதுரைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளன்று, மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகள் பயன் பெற்றனர். இத்திட்டம் எப்படிப் பிறந்தது? பள்ளியொன்றுக்குச் சென்ற முதலமைச்சர் காலையில் சாப்பிட்டீர்களா என்று பிள்ளைகளைக் கேட்க, இல்லை என்ற விடை பலரிடமிருந்து வந்ததாம். ஒரே ஒரு கேள்வி. அதற்கு மறைக்காத விடை. அதிலிருந்து ஒரு திட்டம். 2024-இல் காமராசர் பிறந்த நாளன்று ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது விரிந்தது.

நமக்கு ஒரு பாடம்

அன்பு மாணவிகளே! நம் ஊரைச் சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. மொட்டு விரியும் முன்னே பறிக்க வேண்டும் என்பதால், விடியுமுன் தோட்டத்துக்குப் போய்த் தாய்க்கு உதவிவிட்டு, வெறும் வயிற்றோடு பேருந்தைப் பிடிக்கும் சிறுமியர் இப்பகுதியில் உண்டு. வகுப்பில் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆம் என்று தலையசைப்பார்கள். வீட்டின் மானம் போய்விடுமோ என்ற அச்சம்! அந்தப் பொய் ஒருத்தியை மட்டும் மறைப்பதில்லை. அவளைப் போன்ற பலரையும் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது.

நாடெங்கும் 2016 முதல் 2018 வரை நடந்த ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். ஆகவே இது வெட்கப்பட வேண்டிய நோயன்று. நம் வகுப்பிலேயே பலருக்கு இருக்கக் கூடியது. வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாதீர்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். உண்ட பின் விழுங்குங்கள். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டாம். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் சத்து நன்றாக உடலில் சேரும். குடற்புழு மாத்திரை தரும் நாளில் விடுப்பு எடுக்காதீர்கள்.

பெற்றோர்களே! மருத்துவக் குழு வரும் நாளில் மகளை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். வயதுக்கு வந்த பெண்ணை யாரோ வந்து பார்ப்பதா என்ற தயக்கம் புரிகிறது. பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்க வேண்டும், ஆசிரியை அருகில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள், ஆனால் பரிசோதனையை மறுக்காதீர்கள். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று எண்ணிக் குறையை மறைத்தால், கரும்பலகை மங்கலாகவே இருக்கும். மகளின் எதிர்காலமும் மங்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பெயர் எழுதாமல் விடை எழுதச் சொல்லும் வினாத்தாளில் கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முயலலாகாது. ஒரு மாணவியின் எடையையோ நோயையோ வகுப்பு முன் உரக்கப் படிக்கலாகாது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அடுத்த ஆண்டு எல்லாரும் நலமே என்றுதான் எழுதுவார்கள். தாள் நிறையும், உண்மை இராது. விடைகள் வந்த பின் ஆசிரியர், பெற்றோர், மாணவியர் கூடி அமர்ந்து, இவ்வாண்டு எந்த ஒரு குறையை நீக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். குடிநீர் போதவில்லை என்றால் குடிநீர். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லை என்று மாணவியர் எழுதியிருந்தால் முதலில் கழிப்பறை.

நற்செய்தியில் யாயிரின் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி அவள். இறந்துவிட்டாள் என்று வீட்டார் அழுதுகொண்டிருக்க, ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அதோடு போய்விடவில்லை, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாருக்குச் சொன்னார். அற்புதத்தைக் கண்டு வியந்து நின்றவர்கள் அச்சிறுமியின் பசியை மறந்திருக்கக் கூடும். ஆண்டவர் மறக்கவில்லை.

வேறு சமயத்தில் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்விலும் இந்தப் பரிவையே காண்கிறோம். பள்ளி நின்றுபோன சிறுமியாய் இருந்தவர், பள்ளிச் சிறுமியர்க்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்றார். அடுத்த முறை மருத்துவக் குழு நம் பள்ளிக்கு வரும்போது அவரை நினைவில் கொண்டு வரிசையில் நிற்போம். கேட்பதற்கு உண்மையான விடை சொல்வோம். பக்கத்தில் நிற்கும் தோழி சொல்லத் தயங்கினால், அவள் கையைப் பற்றிக்கொள்வோம்.